எண்ணெயில் கேட்ட சத்தம்

"என் கையில என்ன கோளாறுன்னு நீதான் பாத்துச் சொல்லணும் தாயி."

சாக்கைத் தோளிலிருந்து இறக்காமலேயே கேட்டார் ஆவுடையப்பன்.

உலகம்மாள் உலைக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கை நல்லாத்தானே இருக்கு. கத்தியக் காட்டுங்க."

சாக்கு இறங்கியது. பதினோரு கத்திகள் தரையில் விழுந்தன. அத்தனையும் பாளை அரிவாள்கள். பதநீர் இறக்குகிறவர்கள் பனை உச்சியில் உட்கார்ந்து பாளை சீவுகிற கத்தி அது. மெல்லிசாக இருக்க வேண்டும். முகம் மழிக்கிற அளவுக்குக் கூரும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே இரும்பில் கொண்டுவருவதற்குள் கொல்லனுக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தெட்டு வருஷமாகப் பனங்காட்டு ஊர்களுக்குக் கத்தி அடித்துக் கொடுக்கிறவர். உலகம்மாளுக்கு முப்பத்துநான்கு. மலையடிவாரத்தில் தனியாகப் பட்டறை வைத்திருந்தாள். சுற்றுவட்டாரத்தில் எந்த ஆசாரிக்குக் கத்தி சரியாக வராவிட்டாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். குறை கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் புருசன் வீட்டைவிட்டுப் போனதற்கும் அதுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்கிறவர்களுடைய கத்தியையும் அவள்தான் பார்த்துக் கொடுக்கிறாள்.

அவள் குந்தி உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்தாள். நகத்தால் சுண்டிக் காதருகே பிடித்தாள். மணிபோல் ஒலிக்க வேண்டியது மண்சட்டிபோல் ஒலித்தது.

"விரிசல். நெருப்பு கூடிப்போச்சு."

கீழே போட்டாள். அடுத்ததை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தாள். அரம் கடித்துக்கொண்டு போனது.

"எண்ணெயில முக்குறதுக்கு முன்னாடியே ஆறிட்டு. பதம் ஏறவே இல்ல."

மூன்றாவதின் ஓரத்தில் நீலம் பூத்திருந்தது.

"சாணையில அழுத்திப் பிடிச்சிருக்கீங்க. ஓரம் வெந்துபோச்சு. கூர் நிக்காது."

அப்புறம் வேகமாகப் போனாள். இது கோணல். இது மூன்று தரம் உலைக்குப் போய் வந்த இரும்பு. இதன் முதுகைக் கல்லில் தேய்த்தே தின்றாகிவிட்டது. ஒன்றில் கைப்பிடி ஆடியது. உள்ளே ஊற்றிய அரக்கு இறுகுவதற்குள் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார்.

பதினொன்றையும் பார்த்து முடிக்க வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதெல்லாம் எனக்கும் தெரியும் தாயி. இதக் கேக்கவா ரெண்டு பஸ் மாறி வந்தேன்? எந்தக் கத்தியில என்ன கோளாறுன்னு நான் கேக்கல. ஏன் எல்லாமே கோளாறாப் போவுதுன்னு கேக்கேன். இருபத்தெட்டு வருசமா அடிச்ச கை இது."

"எப்பத்துலருந்து இப்படி?"

"ஆடியிலருந்து."

"ஆடியில என்ன?"

உலையில் கரி ஒன்று வெடித்தது.

"சுயம்புன்னு ஒரு பனையேறி. எங்கிட்டத்தான் கத்தி வாங்குவான். ஆடி மாசம் மரத்து உச்சியில வச்சுக் கத்தி ஒடிஞ்சிட்டு. ஒடிஞ்ச துண்டு தெறிச்சு வலது கண்ணுல பாஞ்சிட்டு."

உலகம்மாள் கையிலிருந்த கரித்தூளைத் தட்டினாள்.

"உசுரு?"

"இருக்கான். ஒரு கையால கண்ணப் பொத்திக்கிட்டு, ஒரு கையால மரத்தக் கட்டிக்கிட்டு அவனே இறங்கிட்டான். அம்புட்டு ஒசரம். தரையில கால் வச்சப்பெறவுதான் மயங்கி விழுந்தான். கண்ணு போச்சு."

"கத்தி ஏன் ஒடிஞ்சுது?"

"காஞ்ச மட்டையில போட்டுட்டானாம். பாளை அருவாளால மட்டையக் கழிக்கலாமா? அவசரத்துல போட்டுட்டேன்னு அவனே சொல்லுதான். ஊரும் அதத்தான் சொல்லுது."

"நீங்க?"

ஆவுடையப்பன் காலிச் சாக்கை எடுத்து மடித்தார். அதை மடிக்க வேண்டிய அவசியம் எதுவும் அப்போது இல்லை.

"மாசி பாதியில மறுபடியும் ஏறணும்னு நிக்கான். ஒத்தக் கண்ணோட. அதுக்கும் என் கத்திதான் வேணுமாம். வேற ஆசாரிகிட்ட வாங்கிக்கோன்னு சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்கான். பதினொண்ணு அடிச்சிட்டேன். ஒண்ணக்கூட அவன் கையில குடுக்க எனக்குத் தைரியம் வரல. பன்னெண்டாவதா ஒண்ணே ஒண்ணு நல்லதா வரணும் தாயி. அது போதும். அப்புறம் நான் சுத்தியலத் தொடாட்டாலும் பரவால்ல."

உலகம்மாள் எழுந்தாள்.

"கோயில் மண்டபத்துல படுத்துக்கிடலாம். காலையில வாங்க."

*

மறுநாள் அவள் கத்தி அடிக்கச் சொல்லவில்லை.

"களைக்கொத்து நாலு வேணும். அடிச்சுத் தாங்க."

அடித்தார். நாலும் நாலு விதமான களைக்கு நறுக்கென்று வந்தன. மதியத்துக்கு மேல் ஒரு தேங்காய் அரிவாள் கேட்டாள். அதுவும் வந்தது. அவள் சுண்டிப் பார்த்தாள். அரம் போட்டுப் பார்த்தாள். குறை சொல்ல அவளுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

"கையில ஒண்ணுமில்ல," என்றாள்.

"அப்ப பாளை அருவா அடிக்கட்டுமா?"

"யாருக்கு?"

"சுயம்புக்குத்தான். வேற யாருக்கு?"

"அடிங்க."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்தால் தூங்குகிறவள் மாதிரி இருந்தது. ஆவுடையப்பனுக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தவன் வேலை செய்வதைப் பார்க்கக்கூடவா கூடாது?

பழைய லாரி வில்பட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டினார். காய்ச்சினார். அடைகல்லில் வைத்து அடித்து மெலித்தார். வளைவு எடுத்தார். கடைசியாகப் பதம் ஏற்ற உலைக்குள் விட்டு, மாம்பழ நிறத்தில் குறட்டால் பிடித்து வெளியே எடுத்தார். எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் கை நேராகச் சட்டிக்குப் போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனது. இந்தப் பக்கம் பார்த்தார், புரட்டி அந்தப் பக்கம் பார்த்தார், பிறகுதான் முக்கினார்.

"எட்டு," என்றாள் உலகம்மாள், கண்ணைத் திறக்காமல்.

"என்ன எட்டு?"

"நெருப்புலருந்து எடுத்து எண்ணெயில போறதுக்குள்ள எட்டு எண்ணிட்டேன். துருத்திக் காத்தோட சத்தம் நின்னதும், எண்ணெய் சீறுனதும் கேட்டுதே. மூணுக்குள்ள போகணும் அண்ணாச்சி."

அரத்தை எடுத்து இழுத்தார். கடித்துக்கொண்டு போனது. பன்னிரண்டாவது கத்தியும் பழைய இரும்புக் குவியலுக்குப் போனது.

அடுத்ததற்கு அவள் ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி உலைவாயில் தொங்கவிட்டாள். ஏதோ பழைய ரேடியோவிலிருந்து கழற்றியது.

"இரும்பு வேண்டிய அளவுக்குக் காஞ்சிட்டுன்னா காந்தம் பிடிக்காது. பிடிக்கலைன்னு தெரிஞ்சதும் முக்கிடுங்க. நிறம் பாக்க வேண்டாம், வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். உங்க கண்ணுக்கு இதுல வேலையே இல்ல."

அப்படியே செய்தார். அரம் வழுக்கியது. சுண்டினால் மணிபோல் ஒலித்தது. பதம் தணிக்க வைக்கோல் நிறம் வரும்வரை லேசாகச் சுட வைத்தார். அதுவும் சரியாக வந்தது. அவருடைய முகத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது என்றே சொல்லலாம்.

பிறகு சாணைக்கல்லில் உட்கார்ந்தார்.

கூர் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் கத்தியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மறுபடி கல்லில் வைத்தார். மறுபடி தூக்கிப் பார்த்தார். பிடிக்குப் பக்கத்தில் என்னவோ இருப்பதுபோல் தெரிய, அங்கே அழுத்தித் தேய்த்தார். தண்ணீர் தொட்டுக்கொள்ளக்கூட மறந்துபோனார். ஓரத்தில் நீலம் ஏறுவதை முதலில் பார்த்தது உலகம்மாள்தான்.

"போச்சு," என்றாள்.

அவர் கத்தியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தத் தேடினீங்க அதுல?"

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கான்னு பாத்தேன்."

"ஒரு தரம் பாத்தாப் போதாதா?"

"போதல தாயி. பத்துத் தரம் பாத்தாலும் போத மாட்டேங்கு."

அவள் தரையில் கிடந்த பழைய பதினோரு கத்திகளைக் காலால் ஒன்றாகத் தள்ளினாள்.

"இதுல பதினோரு கோளாறு இல்ல அண்ணாச்சி. நான் தப்பாச் சொல்லிட்டேன். ஒரே கோளாறுதான்."

"என்னது?"

"சோறு ஆறிரும். சாப்பிட வாங்க."

ஆவுடையப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. இவளிடம் வந்ததே தப்பு, அப்படியே ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தார். போனால் வீட்டு வாசலில் சுயம்பு வந்து நிற்பான், முகம் முழுவதையும் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். அதை நினைத்ததும் இன்னும் ஒரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டார். மனுஷன் அப்படித்தான்.

*

மூன்றாம் நாள் காலையில் அவர் வரும்போது உலகம்மாள் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அவர் அடித்து வளைத்து முடிக்கும்வரை காத்திருந்தாள். கத்தி கடைசித் தடவையாக உலைக்குள் போனதும் பின்னால் வந்து அவர் கண்ணைக் கட்டினாள்.

"என்ன தாயி இது? நெருப்புக்கிட்ட நின்னுக்கிட்டு!"

"குறடு உங்க கையில. சட்டி வலப்பக்கம், எப்பவும் இருக்குற எடத்துல. காந்தத்த நான் பாக்கேன். இப்பன்னு சொன்னதும் எடுத்து முக்குங்க. நான் சொல்லும்போது வெளிய எடுங்க. அதுக்கு முன்னாடி எடுக்கக் கூடாது."

அவர் நின்றார். இருட்டில் உலையின் சூடு முகத்தில் அடித்தது. துருத்தி மூச்சு விடுவதும், கரி நெரிவதும், வெளியே எங்கோ ஆடு கத்துவதும் அளவுக்கு மீறிப் பெரிசாகக் கேட்டன.

"இப்ப."

கை தானாகப் போனது. எண்ணெய் சீறியது.

ஒரு நொடி. இரண்டு நொடி.

ஆவுடையப்பன் அலறிக்கொண்டு கத்தியை வெளியே இழுத்தார். குறடு நழுவியது. கத்தி தரையில் விழுந்து புகைந்தது. பாதி ஆறியும் பாதி ஆறாமலும் எடுத்த இரும்பு, உலகம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கமாக வளைந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண் கட்டியபடியே சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஏன் எடுத்தீங்க?"

"சத்தம் கேட்டுது."

"என்ன சத்தம்?"

"டிக்குன்னு. விரிசல் விட்டுட்டு. உனக்குக் கேக்கலியா?"

"நான் உங்க பக்கத்துலதான் நிக்கேன் அண்ணாச்சி. எண்ணெய் சீறுன சத்தந்தான் கேட்டுது. வேற எதுவும் கேக்கல."

"இல்ல தாயி. கேட்டுது. என் காதால கேட்டேன்."

"எப்ப?"

உலகம்மாள் அவசரப்படவில்லை.

"போன மாசி," என்றார்.

அவள் துண்டை அவிழ்த்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. துண்டு இல்லாவிட்டாலும் கட்டியிருப்பதுபோலவே மூடிக்கொண்டு நின்றார்.

"மறுநாளு சுயம்பு மரத்துல ஏறணும். கத்திக்காக வாசல்ல வந்து நிக்கான். அவனோட பேசிக்கிட்டேதான் முக்கினேன். டிக்குன்னு ஒரு சத்தம். சின்னச் சத்தம். நெல்லுமணி ஓட்டுல விழுந்த மாதிரி. அவனுக்கும் கேட்டிருக்கும். அது என்ன சத்தம்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"எடுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பிடிக்கு மேல, குறுக்க, முடி மாதிரி."

"அப்புறம்?"

"சாணையில வச்சு மறச்சேன்."

"அப்புறம்?"

"குடுத்தேன்."

உலகம்மாள் கீழே கிடந்த வளைந்த கத்தியை எடுத்துக் குவியலில் போட்டாள்.

"மட்டையில போட்டதுனாலதான் ஒடிஞ்சுதுன்னு சொன்னீங்க."

"மட்டையில போடாட்டாலும் ஒடிஞ்சிருக்கும். பத்து நாளு கூடத் தாங்கியிருக்கும், அம்புட்டுதான். புதுசா ஒண்ணு அடிக்க எனக்கு ஒரு நா ஆகும். ஒரு நா நில்லுலேன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பான். 'என்ன ஆசாரியாரே, உமக்கே கத்தி வெடிக்குமா'ன்னு சிரிப்பான்னு நெனச்சேன். அதுக்காகத்தான். வேற ஒண்ணுமில்ல தாயி. அவன் சிரிப்பானேன்னுதான்."

இதைச் சொன்ன பிறகு அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அழுவது எப்படி என்று மறந்துபோயிருந்தது. இருமல் மாதிரி வந்தது.

"ஆஸ்பத்திரியில போயிப் பாத்தேன். கண்ணுல கட்டோட படுத்திருக்கான். என் கையப் பிடிச்சிக்கிட்டு, 'என் அவசரத்தால உங்க பேரு கெட்டுப்போச்சே'ன்னு எங்கிட்ட மன்னிப்புக் கேக்கான். எங்கிட்ட."

அவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். ஒடிந்து பனைமரத்தடியில் விழுந்த கத்தித் துண்டு. அதை அவர்தான் யாருக்கும் முந்திப் பொறுக்கியிருந்தார். உலகம்மாள் அதை வெளிச்சத்தில் திருப்பினாள். ஒடிந்த விளிம்பில் ஒரு பக்கம் கறுப்பாக இருந்தது, மறுபக்கம் வெளுப்பாக இருந்தது. கறுப்பு, எண்ணெய்ச் சட்டியிலேயே விட்ட பழைய விரிசல். வெளுப்பு, ஆடி மாதம் ஒடிந்தது. எந்தக் கொல்லனும் ஒரே பார்வையில் படித்துவிடுவான். அதனால்தான் ஆறு மாதமாக அது அவர் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

அவள் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. இரண்டில் ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"உலை ஆறுது," என்றாள். "அடிங்க."

*

அன்று அடித்த கத்தி சரியாக வந்தது.

எப்படி வந்தது என்று கேட்டால் ஆவுடையப்பனுக்கே சொல்லத் தெரியாது. அழுது முடித்த களைப்பில் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. நெருப்பிலிருந்து எடுத்தார், முக்கினார். எண்ணெய் சீறி அடங்கியது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை, பழைய சத்தமும் வரவில்லை. சாணையில் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீர் தொட்டுக்கொண்டார். கூர் வந்ததும் கத்தியை வெயிலுக்குத் தூக்கப் போனார்.

உலகம்மாள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஒரு தரம் பாத்துக்கிடுதேன் தாயி."

"நான் பாத்துட்டேன்."

சுண்டினாள். ஒலித்தது. கைப்பிடி போட்டு அரக்கு இறுகும்வரை தன் மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு பழைய வேட்டித் துணியில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

அவர் போகாமல் நின்றார்.

"நான் அவன்கிட்டச் சொல்லணுமா?"

"கத்தியில உள்ள குத்தந்தான் எனக்குச் சொல்ல வரும் அண்ணாச்சி."

"சொல்லி அவனுக்கு என்ன ஆகப்போவுது? கண்ணு திரும்ப வருமா?"

"வராது."

"சொன்னா அதுக்கப்புறம் எவன் கத்தியையும் நம்பி மரத்துல ஏற மாட்டான். வேற தொழில் தெரியாது அவனுக்கு. இப்பவாவது தன் தப்புன்னு நெனச்சிக்கிட்டுத் தைரியமா ஏறுதான். அதையும் கெடுக்கவா?"

உலகம்மாள் துருத்தியை மிதிக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் சாயந்தரந்தான்," என்றாள்.

*

பஸ் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஆவுடையப்பன் முடிவு செய்துவிட்டார். சொல்லப் போவதில்லை. குற்றமில்லாத கத்தி ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டால் போதும். அதுதான் உண்மையான பரிகாரம். பேச்சினால் யாருக்கு என்ன பிரயோஜனம்? இப்படி நினைத்ததும் மனசு லேசானது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து அரை மணி நேரம் தூங்கவும் செய்தார்.

செம்மணல் தேரியில் இருக்கும் அவர்கள் ஊர் வந்தது. இறங்கி நேராகச் சுயம்பு வீட்டுக்கு நடந்தார்.

சுயம்பு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காலில் மாட்டுகிற தளைநாரைப் பின்னிக்கொண்டிருந்தான். நாற்பது வயசு, பனை மாதிரியே கறுத்த உடம்பு. வலது கண் இருந்த இடத்தில் தோல் மூடிச் சுருங்கியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு முகத்தை முழுவதுமாகத் திருப்பினான்.

"வாங்க ஆசாரியாரே! எங்க போனீங்க மூணு நாளா? நாளன்னைக்கு ஏறணுமே, ஆளக் காணலியேன்னு பாத்தேன்."

"கத்திக்குத்தான் அலைஞ்சேன்."

முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். சுயம்பு வாங்கி எடை பார்த்தான். முன்கையில் நாலு முடியைச் சீவிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"இதுல்லா கத்தி! வேற ஆசாரிகிட்டப் போன்னு சொன்னீங்களே. எவன் அடிப்பான் இப்படி?"

ஆவுடையப்பனுக்கு மூச்சு வந்தது. முடிந்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சுயம்புவின் பெருவிரல் கத்தியின்மேல் நகர்ந்தது. பிடிக்கு மேலே நின்றது. அங்கேயே முன்னும் பின்னும் தடவியது. கத்தியைப் புரட்டினான், மறுபக்கமும் தடவினான்.

"கோடு போடலியா ஆசாரியாரே?"

"என்ன கோடு?"

"பழைய கத்தியில பிடிக்கு மேல குறுக்காப் போட்டுத் தந்தீங்களே, சின்னதா. மறந்துட்டீங்களா? இந்த ஊர்ல நாப்பது பேரு ஏறுதான், எவன் கத்தியிலயும் அது கிடையாது. எல்லார்ட்டயும் காட்டுவேன். ஆசாரியார் எனக்குன்னு தனியாப் போட்டதுன்னு சொல்லுவேன். மரத்துல கால் வைக்கும்முன்னே அதத் தடவிட்டுத்தான் ஏறுவேன்."

ஆவுடையப்பனின் கை இடுப்பு மடிப்புக்குப் போனது.

சுயம்புவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கத்திய ஒடிச்சிட்டேன்னு எம்மேல வருத்தமா? அதான் போடலியா?"

மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும். கொடு, போட்டுத் தருகிறேன் என்றால் போதும். சாணையில் ஒரே ஒரு இழுப்பு. கோடு வந்துவிடும். நாளன்றைக்கு அவன் அதைத் தடவிவிட்டுச் சந்தோஷமாக ஏறுவான். ஆவுடையப்பன் கத்தியை வாங்கக் கையைக்கூட நீட்டிவிட்டார்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அது கோடு இல்ல சுயம்பு."

"பின்ன?"

"விரிசல். நீ வாசல்ல நிக்கும்போது எண்ணெயில வச்சே விட்டுட்டு. எனக்குத் தெரியும். வெளிய தெரியாம இருக்க அதும்மேல சாணையில கோடு இழுத்தேன். மட்டையில போட்டதுனால ஒடியல. உன் மேல தப்பு இல்ல."

சுயம்புவின் பெருவிரல் புதுக் கத்தியில், ஒன்றுமில்லாத அந்த இடத்திலேயே இருந்தது. பின்னிக்கொண்டிருந்த தளைநார் மடியிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

பிறகு முகத்தை முழுவதுமாகத் திருப்பி, இருக்கிற கண்ணால் பார்த்தான்.

"அப்ப, தெனமும் ஏறுறதுக்கு முன்னாடி நான் தடவுனது?"

"அதத்தான்," என்றார் ஆவுடையப்பன்.